வஸ்வாஸ் என்று ஏசும் முன்...

1997இல் வந்த ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்’ படத்தில் ஜெக் நிக்கல்சன் கதவை ஐந்து முறை பூட்டும்போது சிரிப்பு வரும். 2004இல் வந்த ‘தி ஏவியேட்டர்’ படத்தில் டிகாப்ரியோ இரத்தம் வரும்வரை கைகழுவிவிட்டு, கதவின் கைப்பிடியைத் தொட முடியாமல் வேறொருவர் திறக்கும்வரை காத்து நிற்பார். அங்கே சிரிப்பு வராது. ஓ.சி.டி என்னும் மனநோயின் உண்மை முகம் அதுதான். அது சுத்தத்தின் மீதான ஆசையல்ல, பயம். கழுவினால் பயம் சற்றுத் தணியும். உடனே திரும்பி வரும்.

ஜமாஅத் முடியும்வரை வுழூச் செய்துகொண்டே நின்ற மாணவன் ஒருவனை, விளங்காமல் நானும் ஏசியிருக்கிறேன். மூன்று முறையோடு நிறுத்து, சந்தேகத்தைப் பொருட்படுத்தாதே என்கிறது மார்க்கம். பயம் இருக்கும்போதே மீண்டும் கழுவாமலிருக்கப் பழக்குவதுதான் சிகிச்சையும். ஆனால் நோயாளியால் அதைத் தனியே செய்வது கடினம். இது ஈமான் குறைவல்ல. துஆவும் செய்யுங்கள், மனநல வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.