கடலோரத்தில் வீடு கட்டுவோருக்கு

முதலை மட்டும் பார்த்து, பிறகு வரும் செலவை மறக்கும் வியாபாரி நட்டப்படுவார். வீடும் அப்படித்தான். கற்பிட்டியில் நான் கட்டிய வீட்டுக்குத் தட்டைக் கொங்கிரீட் கூரை போட்டேன். கொழும்பைப் பார்த்து வந்த ஆசை! கழுவாத கடல் மணலைக் கலந்திருந்தார்கள், நானும் விசாரிக்கவில்லை. மணலிலுள்ள உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடக் கூடிய இடம் பிடிப்பதால் கொங்கிரீட் வெடித்து உதிரும். எனக்கு அதுவே நடந்தது. வெக்கை வேறு.

அதே கொழும்பில்தான் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960-62இல் ஏனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. இரும்பும் கண்ணாடியும் இல்லாமல், நடு முற்றமும் ஓட்டுக் கூரையும் விறாந்தையுமாக அமைத்தார். முற்றத்தால் சூடு மேலே போகும். அறைகளுக்குள் காற்று ஓடும். பிற்காலத்தில் அந்த வீட்டையே கழற்றி, பெந்தோட்டைப் பக்கம் லுனுகங்கவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

நம் பெரியவர்களின் முற்றத்து வீடும் இதுதானே?

இப்போது மகளுக்குக் கட்டுகிறேன். ஓட்டுக் கூரை, இறக்கமான தாழ்வாரம். கச்சான் காற்று அடிக்கும் தென்மேற்கில் யன்னல்கள் சிறியவை. அங்கே நின்ற தென்னைகளில் ஒன்றையும் வெட்டவில்லை. ஆற்று மணல் என்று பாஸ் சொன்னாலும், லொறி வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே இறக்க விடுகிறேன்.