ஒரே நூல்கள், இரு வரிசைகள்

சீர்திருத்தச் சபையினரின் விவிலியத்திலுள்ள பழைய ஏற்பாடுதான் யூதர்களின் மறைநூலும். யூதர்கள் 24 என்று எண்ணும் நூல்களையே சீர்திருத்தச் சபையினர் பிரித்து 39 என்கிறார்கள். உள்ளடக்கம் ஒன்றுதானே, வரிசையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. யூதர்களின் அச்சுப் பதிப்புகள் நாளாகமத்தில் முடிகின்றன. பாரசீக அரசர் கோரேஸ் எருசலேமுக்குத் திரும்ப அழைப்பு விடுக்கும் இடம் அது. கிறிஸ்தவர்களின் வரிசையோ மல்கியா நூலில், தீர்க்கதரிசி எலியாவின் வருகையை எதிர்நோக்கி நிற்கிறது. அதை அடுத்துப் புதிய ஏற்பாடு தொடங்குகிறது. பழைய எபிரேயக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் நாளாகமம் முன்னதாகவே வருவது உண்மைதான். ஆனாலும் நிலைபெற்ற வரிசையே வாசிப்பவரின் எதிர்பார்ப்பைத் தீர்மானிக்கிறது: ஒருவருக்கு ஊர் திரும்புதல், மற்றவருக்கு வரப்போகிறவர்.