கூண்டுக்கு எவ்வளவு தள்ளி நிற்பது?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு காக்டெய்ல் பறவை வாங்கினாராம். ஒரு மாதம் ஆகப்போகிறது. யார் கூண்டருகே போனாலும் மூலைக் கம்பியில் தொற்றிக்கொண்டு பாம்பு மாதிரி சீறுகிறது. “றெக்கையை வெட்டிட்டு கையிலயே வச்சிருங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும்” என்றாராம் கடைக்காரர். யூடியூபிலும் அதையேதான் பின்னணி இசையோடு சொல்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறார்.

அடங்கிவிடும்தான். அந்த அடக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கத்தரியை எடுக்க மனம் வராது. பறவையை மல்லாக்கப் படுக்கவைத்து, அது கால்களைத் தூக்கியபடி அசையாமல் கிடப்பதைக் காட்டி, “எவ்வளவு சாது பாருங்க” என்பது விற்பனை உத்திகளில் ஒன்று. கோழியையும் காடையையும் ஆராய்பவர்கள் இதே கிடையைப் பயத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மல்லாத்திக் கையை எடுத்தபின் எழுந்திருக்க எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவு பயம் என்று கணக்கு. பிடித்த விலங்கு ஏமாந்து பிடியைத் தளர்த்தாதா என்று இரை கையாளும் கடைசி உபாயம் அது.

காக்டெய்ல், காக்கட்டூ குடும்பத்தின் கடைக்குட்டி. எடை நூறு கிராமை ஒட்டி இருக்கும். நீளம் ஓரடி, அதில் பாதி வால். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் தண்ணீரைத் தேடிக் கூட்டமாக அலைந்து, தரையில் இறங்கி விதை பொறுக்குகிற பறவை. தரையில் மேய்கிற ஜீவனுக்குத் தலைக்கு மேலிருந்து வருவதெல்லாம் வல்லூறு. ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு கூண்டுக்குள் இறங்கும் கை அதற்கு எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பறவையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. நாம் அதற்கு வெளியே நிற்கும்வரை அது தன் வேலையைப் பார்க்கும், தாண்டினால் பறந்துவிடும். இந்தத் தூரத்தைப் பற்றி முறையாக எழுதியவர் சுவிஸ் விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர். கூண்டுப் பறவைக்கும் கோடு இருக்கிறது, ஓட இடம்தான் இல்லை. கோடு எங்கே என்று கொண்டையைப் பார்த்தாலே தெரியும். பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. ஆணி மாதிரி விறைத்தால் உஷார். தலையோடு படிந்து, கூடவே சீறலும் வந்தால் நீங்கள் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். தின்றுகொண்டிருந்தது சட்டென்று நிறுத்தினாலும் அதே பொருள்.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நரம்பு மண்டலத்தில் நடப்பவை வேறு வேறு. தீங்கில்லாத மெல்லிய தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்வினை மங்கும். பலமான தூண்டல் வந்தாலோ எதிர்வினை கூர்மையாகும். டப்பா மூடி விழும் சத்தத்துக்கெல்லாம் துள்ளும். நரம்பியலாளர் எரிக் காண்டெல் கடல் நத்தை ஒன்றில் இரண்டையும் நரம்பணு மட்டத்திலேயே காட்டினார். மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது செவுளை உள்ளிழுப்பது குறைந்துகொண்டே போனது. வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தபின் அதே மெல்லிய தொடலுக்குப் பதறியது. 2000-இல் நோபல் பரிசு பெற்றார். தினமும் பலமுறை கையை விட்டும் உங்கள் பறவையின் சீறல் கூடிக்கொண்டே போனால், அது பிடிவாதம் பிடிக்கிறது என்று எண்ண வேண்டாம். அதற்கு நீங்கள் கொடுப்பது அந்த வால் அதிர்ச்சியைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். எல்லோரும் தின்பண்டத்தைக் காட்டிப் பறவையை வசப்படுத்தப் பார்க்கிறார்கள். பயந்த பறவை அந்த நேரத்தில் தின்பண்டம் கேட்கவில்லை. நீங்கள் போய்விட வேண்டும் என்பதுதான் அதன் ஒரே விருப்பம். அதையே கூலியாகக் கொடுத்தால் என்ன? கோட்டின் விளிம்புவரை பக்கவாட்டில் மெதுவாக நடந்து போய் நில்லுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். கொண்டை கொஞ்சம் தணியும், அல்லது இறகை உதறிக்கொள்ளும், அல்லது ஒரு விதையைக் கொத்தும். அந்த நொடியே திரும்பி நடந்துவிடுங்கள். தான் அமைதியானால் இந்தப் பூதம் போய்விடுகிறது என்று பறவை கற்றுக்கொள்கிறது. சீறும்போது நகர்ந்தால் சீறினால் போய்விடும் என்றுதான் கற்கும். ஆகவே தவறிச் சீறவைத்துவிட்டால் இன்னும் நெருங்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, சற்றே தணியும்வரை நின்றுவிட்டுப் போங்கள். அடுத்த முறை இன்னும் தள்ளித் தொடங்குங்கள்.

கடன் வசூலிக்க வரும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கட்டிலுக்கு அடியில். ஒருநாள் தைரியமாகத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள். ஆள் பேசாமல் திரும்பிப் போய்விடுகிறார். மறுநாள் நாலு வீடு தள்ளி நிற்கிறார். நீங்கள் பேப்பரைப் புரட்டியதும் போய்விடுகிறார். கொஞ்ச நாளில் வாசலுக்கே வந்து, வட்டி தள்ளுபடி என்கிறார். அப்புறம் நீங்களே அவருக்கும் ஒரு டீ சொல்வீர்கள். கடைக்காரர் சொன்ன வழியில், ஆள் கதவை உடைத்து உள்ளே வந்து உங்கள் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறார். இரண்டு நாளில் நீங்களும் கத்துவதை நிறுத்துவீர்கள். அதைப் படம் பிடித்துத் தெருவே குடும்ப நண்பராகிவிட்டார் என்று வீடியோ போடும். உவமையை இதற்கு மேல் இழுத்தால் பறவைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1924-இல் அமெரிக்காவின் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். 1950-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி அதை மனித சிகிச்சையாக ஒழுங்குபடுத்தினார். விலகிப் போவதையே பரிசாக்கும் முறையைச் சீறும் நாய்களிடம் ஆராய்ந்தவர்கள் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர். இது போதும்.

கோடு சுருங்கிச் சுருங்கிக் கூண்டுக் கம்பி வரை வந்தபின் தின்பண்டத்துக்கு வேலை வரும். கதிரோடு காய்ந்த தினைதான் காக்டெய்லுக்கு உயிர். சங்க காலத்துக் குறமகள் கிளி ஓட்டிக் காத்த அதே தினை. இங்கே காவல் வேண்டாம், நாமே நீட்டுகிறோம். கதிர் நீளமாக இருப்பதால் உங்கள் விரல் தள்ளியே இருக்கும். நாள் போகப் போகத் தண்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கை கீழிருந்து, மார்பு மட்டத்துக்கு வரட்டும்.

இரண்டு ஏமாற்றங்களுக்குத் தயாராக இருங்கள். மங்கிய பயம் சில நாள் இடைவெளி விட்டால் ஓரளவு திரும்பி வரும். மறுபடி தணிய முன்னைவிடக் குறைந்த நேரமே ஆகும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நிற்பதைவிட ஐந்து நிமிடமாகப் பலமுறை நல்லது என்பது இதனால்தான். அடுத்தது, பழக்கம் குறிப்பிட்ட பொருளோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் கைக்குப் பழகிய பறவை, மருதாணி இட்ட அதே கையைப் புதிய ஆபத்தாகப் பார்க்கலாம். மகனின் கைக்குத் தனிக் கணக்கு.

இறக்கை வெட்டுவது இந்த ஏற்பாட்டையே குலைக்கும். விலகிப் போக முடிந்த பறவைதான் கோடு எங்கே என்று நமக்குச் சொல்லும்; முடியாததற்கு மிச்சம் அலகு ஒன்றுதான். விரலில் தையல் போட நேர்ந்தால் கடைக்காரர் வரமாட்டார். பயத்தைப் பற்றி இன்னொன்று: இரவில் இருட்டில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்வது இந்த இனத்தின் வழக்கம் என்பதால் ஒரு சின்ன விடிவிளக்கு மட்டும் எரியட்டும்.

ஒன்றை மட்டும் கூச்சக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சீறிக்கொண்டிருந்த பறவை திடீரென்று சீறாமல், இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் அது பழகிவிட்டதாக அர்த்தமில்லை. நோயைக் கடைசிவரை மறைத்து வைப்பது பறவைகளின் இயல்பு. அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பறவை பார்க்கும் வேறு மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.