சார்ஜரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

செல்போன் கடையில் சார்ஜர் கேட்டால் முதலில் வரும் கேள்வி, “என்ன பின்?” நோக்கியா காலத்தில் அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. பெரிய பின், சின்ன பின் என்று நோக்கியாவுக்குள்ளேயே இரண்டு வகை. சாம்சங்குக்கு வேறு, சோனி எரிக்சனுக்கு வேறு. ஊருக்குப் போன இடத்தில் சார்ஜரை மறந்துவிட்டால், அதே பின் வைத்திருப்பவரைத் தேடி அலைய வேண்டும்.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. “சி டைப்” என்றால் உடனே ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டில் மாட்டினால் சார்ஜும் ஏறுகிறது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் நிரம்ப வேண்டிய போனுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. போனிலும் கோளாறில்லை, சார்ஜரிலும் கோளாறில்லை. இரண்டுக்கும் பின் பொருந்துகிறது, பாஷை பொருந்தவில்லை.

பின் ஒன்றான கதை நீளமானது. 2009-ல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியில் 14 நிறுவனங்கள் மைக்ரோ யூஎஸ்பியைப் பொதுவாக ஏற்பதாகக் கையெழுத்திட்டன. ஆப்பிளும் கையெழுத்திட்டது, ஆனாலும் 2012-ல் ஐபோன் 5-உடன் லைட்னிங் என்ற தனி பின்னைக் கொண்டுவந்தது. எப்படித் திருப்பிச் சொருகினாலும் நுழைகிற, 24 தொடுமுனைகள் கொண்ட டைப்-சி 2014-ல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் சட்டமே போட்டது. ஐபோன் 15, 2023 செப்டம்பரில் டைப்-சியோடு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு அது கட்டாயம். பயன்படுத்தாமலும் தூக்கியெறியப்பட்டும் கிடக்கும் சார்ஜர்களால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்கழிவு சேர்வதாக ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டிருந்தது.

அந்தச் சட்டத்தின் இன்னொரு பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வேகமாகச் சார்ஜ் ஏறும் போன் எதுவானாலும், நிறுவனத்தின் சொந்த முறை எதுவாக இருந்தாலும், யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற பொது முறையையும் ஏற்க வேண்டும் என்கிறது அது. ஓட்டையை ஒன்றாக்கினால் மட்டும் போதாது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘பி.டி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையில், மாட்டியவுடன் 5 வோல்ட் மட்டும் வருகிறது. பிறகு சார்ஜர் தன்னால் என்னென்ன தர முடியும் என்ற பட்டியலை அனுப்பும்: 5 வோல்ட், 9 வோல்ட், 15, 20. போன் தனக்கு வேண்டியதைக் கேட்கும். சார்ஜர் சம்மதித்த பிறகே வோல்ட் உயரும். கண் இமைப்பதற்குள் இந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிடும். முதலில் இதன் உச்சம் 100 வாட். 2021-ல் 240 வாட் வரை உயர்த்தினார்கள். லேப்டாப்பும் இதே கேபிளில் ஓடும்.

பி.டியின் நீட்சியாக ‘பி.பி.எஸ்’ இருக்கிறது. இதில் போன் 20 மில்லிவோல்ட் அளவுக்குக்கூட ஏற்றி இறக்கிக் கேட்கலாம். பேட்டரிக்கு ஏற்ற மின்னழுத்தம் வெளியிலிருந்தே வருவதால் போனுக்குள் சூடு குறைகிறது. சாம்சங் போன்கள் பலவற்றில் 25 வாட், 45 வாட் வேகம் வேண்டுமானால் சார்ஜரில் பி.பி.எஸ் இருக்க வேண்டும். குவால்காம் நிறுவனத்தின் குயிக் சார்ஜ் இன்னொரு பழைய பாஷை. ஒப்போ 2014-ல் கொண்டுவந்த வூக் வேறு வழியில் போனது: வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரை ஏற்றியது. அதன் வாரிசுதான் சூப்பர்வூக்.

இதெல்லாம் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கிறது. ‘இன்புட்’ என்ற வரியை விடுங்கள். அது சுவரிலிருந்து வாங்குவது. ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 15 வாட், 20 வாட். அது 20 வாட் பி.டி சார்ஜர். சூப்பர்வூக் வகை 80 வாட் சார்ஜர் ஒன்றின் முதுகில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றும், அடுத்து 5 முதல் 11 வோல்ட் வரை, 7.3 ஆம்பியர் என்றும் இருக்கும். அதாவது சொந்தப் போனுக்கு 80 வாட், வெளியார் போனுக்குப் பத்தே வாட். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 80-ஐ நம்பி வாங்கி வேறு கம்பெனி போனில் மாட்டுகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

“பெரிய வாட் சார்ஜர் போட்டால் பேட்டரி போய்விடும்” என்று வீடுதோறும் ஒரு பயம் உண்டு. சார்ஜர் மின்சாரத்தைத் திணிப்பதில்லை. எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்யும் சிப் போனுக்குள்ளே இருக்கிறது. 10 வாட் மட்டும் எடுக்கத் தெரிந்த பழைய போன், தரமான 65 வாட் பி.டி சார்ஜரிலும் 10 வாட்தான் எடுக்கும். பேட்டரியைக் கெடுப்பது சூடு. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், சார்ஜ் ஏறும்போதே வெயிலில் உட்கார்ந்து கேம் ஆடுவதும்தான் பேட்டரிக்குப் பகை. எண்பது சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவதும் கோளாறில்லை. கூட்டம் நிறைந்த பஸ்ஸில் கடைசி நாலு பேர் ஏறுவதற்கு நேரமாவது மாதிரி, நிரம்பிய பேட்டரிக்குள் மெதுவாகத்தான் ஏற்ற முடியும்.

கேபிளை யாரும் கவனிப்பதில்லை. இரு முனையும் டைப்-சியாக உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 5 ஆம்பியர் போக வேண்டுமானால், “எனக்கு அந்தச் சக்தி உண்டு” என்று சொல்லும் சிறு சிப் கேபிளின் முனைக்குள் இருக்க வேண்டும். சிப் இல்லையென்றால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நின்றுவிடும்.

மட்டமான கேபிள் வேகத்தை மட்டும் குறைப்பதில்லை. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015-ல் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களைச் சொந்தக் காசில் வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப்பையே கெடுத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பாசிட்டிவ் கம்பியும் கிரவுண்டும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன.

அதைவிட அபாயம் டூப்ளிகேட் சார்ஜரில். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், சார்ஜருக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட்டாகிறது. அதற்கும் உங்கள் விரல் தொடுகிற பக்கத்துக்கும் நடுவே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும் சில மில்லிமீட்டர் இடைவெளியும்தான் காவல். விலையைக் குறைக்க அந்த இடைவெளியையும் காப்பு டேப்பையும்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இந்தியாவில் சார்ஜருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்) பதிவு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ முத்திரையைப் போன்ற குறியோடு ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எண் சார்ஜரிலேயே இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். வராவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் கேபிளின் நுனியை ஸ்விட்ச் அணைக்காமல் கட்டிலோரம் தொங்கவிடவும் வேண்டாம். அது நேரே வாய்க்குள் போகும்.

ஒயர்லெஸ் சார்ஜர் வசதிதான். ஆனால் கம்பியில் வருவதைவிட மின்சாரம் அதிகம் வீணாகும், சூடும் கூடும். 2023-ல் வந்த ‘சீ2’ (Qi2) முறையில் காந்தம் போனைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்வதால் 15 வாட் வரை ஒழுங்காக ஏறுகிறது. ‘கேன்’ சார்ஜர் என்பது சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு வைத்துச் செய்தது. வேகம் அதனால் கூடாது. உருவம் சிறுக்கும், சூடு குறையும்.

ஆப்பிள் 2020-லும், சாம்சங் அதற்கடுத்த ஆண்டும் விலை உயர்ந்த போன்களின் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டதால், தனியாக வாங்குகிற நிலை பலருக்கு வந்துவிட்டது. நாலைந்து போனும் ஒரு லேப்டாப்பும் உள்ள வீட்டுக்கு, பி.டியும் பி.பி.எஸ்ஸும் தெரிந்த 65 வாட் சார்ஜர் ஒன்றும், 5 ஆம்பியர் கேபிள் ஒன்றும் என் தேர்வு. வூக் வகைப் போன் வைத்திருப்பவர்கள் மட்டும் பெட்டியோடு வந்த சார்ஜரையும் கேபிளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த முழு வேகம் அந்த ஜோடியில்தான் உறுதியாகக் கிடைக்கும்.