உஷார்! அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்கப் போறீங்களா?

மலையில் சாரல் விழுந்துவிட்டால் போதும், ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடையிலும் கூட்டம் அள்ளும். கரையோரத்தில் கூழாங்கல்லைப் புரட்டி விளையாடும் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கல்லுக்கு அடியிலும் பாசியிலும் ஊறிய சருகுக்குள்ளும் பதுங்கும் நீர்ப்பூச்சி ஒன்று உண்டு. நாக்கோரிடே என்பது குடும்பப் பெயர். தட்டையான உடம்பு, பழுப்பு நிறம், நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு. முன்னங்கால் இரண்டும் மடக்குக்கத்தி மாதிரி. கொசுப்புழு சிக்கினால் அதில் இடுக்கிக்கொண்டு, ஊசி வாயைக் குத்தி, எச்சிலை இறக்கிக் கரைத்து உறிஞ்சிவிடும். அதே ஊசி விரலில் இறங்கினால் சுரீரென்று உயிர் போகும்!

• தேடிவந்து கடிக்காது. கையில் பிடித்தாலோ, மிதித்தாலோ கடிக்கும். வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

• கடித்துவிட்டால், நல்ல தண்ணீரில் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். விஷக்கடி என்று பயந்து கீறிவிடுவது, சுண்ணாம்பு தடவுவதெல்லாம் வேண்டாம்.

• வீக்கம் பரவினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

பூச்சிக்கடி சீக்கிரம் ஆறிவிடும். ஆற்றில் நாம் கரைக்கிற ஷாம்புதான் பெரிய ஆபத்து!

இந்தப் பூச்சி, உடம்பின் நுண்ணிய மயிர்களிலும் இறக்கைக்கு அடியிலும் காற்றைப் பிடித்துக்கொண்டு முங்குகிறது. இதன் நெருங்கிய சொந்தமான ஆஃபலோகைரஸ் பூச்சியின் மேல் ஒரு சதுர மில்லிமீட்டரில் 20 லட்சத்துக்கும் மேல் மயிர்கள் இருப்பதை 1947இல் தோர்ப், கிரிஸ்ப் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த மயிர்களில் தண்ணீர் ஒட்டாததால்தான் காற்று நிற்கிறது. சோப்பும் ஷாம்பும் சோப்புத்தூளும் தண்ணீரை ஒட்டவைப்பவை. நுரை கூடினால் காற்று நழுவும். நீருக்குள்ளேயே பிறந்த பூச்சி நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அதோடு கொசுப்புழுவைத் தின்ன ஒரு வாயும் குறையும்.

2021இல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைக் காட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் இது. அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. காலையில் நீங்கள் அலசிய ஷாம்பு எந்தக் குடத்துக்குப் போகும் என்று யோசியுங்கள். முங்கிக் குளியுங்கள், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சோப்பு, ஷாம்பு பாக்கெட்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க!