இராணுவத்தினர் இயந்திரங்களான கதை

எமது பிள்ளைகள் கணினியில் துப்பாக்கி ஏந்தி விளையாடும்போது, போருக்குத் தப்பி வந்த எமக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. இந்த அச்சம் எமக்கு மட்டும் உரியதல்ல. 1998இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஜேர்மனியின் இளையோர் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை என்பதால், இங்கு தனிப் பதிப்பொன்று வந்தது. அதில் இராணுவத்தினர் யாவரும் இயந்திர மனிதராக மாற்றப்பட்டிருந்தனர். சுடப்பட்ட விஞ்ஞானிகளோ சாகாமல், நிலத்தில் அமர்ந்து தலையாட்டினர்!

விளையாட்டுகளுக்கு வயதெல்லை குறிக்கும் 'ஊ.எஸ்.கா' என்ற அமைப்பு இங்கு 1994 முதல் இயங்குகிறது. பெட்டியில் சிவப்பு அடையாளம் இருந்தால் 18 வயது, நீலம் என்றால் 16, பச்சை என்றால் 12. மொழி தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். பெற்றோரே, அதைப் பார்த்து வாங்குவோம். பிள்ளைகளின் அருகிலும் சற்று அமர்வோம்.