கணனிக்கும் ஒரு கவ்வாத்து

நுவரெலியாவுக்கோ ஹற்றனுக்கோ முதன்முறையாக வரும் ஒருவர் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைக் கண்டால், "செழித்து நின்ற செடிகளை இப்படி மொட்டையாக்கி விட்டார்களே!" என்று மனம் வருந்துவார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவரோ வருந்தமாட்டார். வேண்டாத கிளைகளைக் களைந்தாலன்றிச் செடி உறுதி பெறாது, நல்ல கொழுந்தும் வாராது என்பதை அவர் அறிவார். கணனியைப் பகைவரிடமிருந்து காக்கும் கலையும் பெரும்பாலும் இத்தகையதே.

கணனிக்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுதல் வேண்டாம். மலையில் கொழுந்தெடுக்கும் தாயின் கைபேசி அண்ட்ரொயிட் வகையைச் சேர்ந்ததாயின், அதனை உள்ளிருந்து இயக்குவது லினக்ஸ் ஆகும். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில், தமது 21 ஆம் வயதில் தொடங்கிய பணி அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். 2010களில் நம் நாட்டு இளைஞர்களும் லினக்ஸ் பதிப்பொன்றை வெளியிட்டு, கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலையின் பெயரை அதற்குச் சூட்டினர்.

எல்லாரும் பார்க்கக்கூடிய ஒன்று எவ்வாறு பாதுகாப்பானதாகும் என்று கேட்கலாம். பூட்டின் அமைப்பைப் பலரும் ஆராய்ந்து குறை சொல்வது வேறு. சாவியைக் கையில் கொடுப்பது வேறு. எனினும், திறந்திருப்பது மட்டுமே காவலாகிவிடாது. எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளைப் பேணும் பணியில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் உதவி, நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அதனுள் கள்ளவழி ஒன்றை வைத்தார். 2024 மார்ச் மாதத்தில் அண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், தமது கணனியுள் நுழைவதற்கு ஏறக்குறைய அரை விநாடி அதிகமாவதைக் கண்டு ஐயுற்றார். மூலநிரல் திறந்திருந்தமையால் காரணத்தைத் தேடிப் பிடித்தார். அந்த நஞ்சு உலகின் பெரும்பாலான கணனிகளை எட்டுமுன் தடுக்கப்பட்டது. திறந்த கதவு உதவியது. ஆனால் காத்தது விழித்திருந்த ஒரு கண்ணே.

லினக்ஸைக் கவ்வாத்து வெட்டுவது எங்ஙனம்? முதலாவது, வேண்டாத சேவைகளை நிறுத்துதல். பயன்படாத வாயில் ஒவ்வொன்றும் கள்வனுக்கே பயன்படும். இரண்டாவது, 'ரூட்' எனப்படும் முழு அதிகாரத்தை அன்றாட வேலைக்கு எடுக்காதிருத்தல். மூன்றாவது, திருத்தங்கள் வெளிவந்தவுடன் அவற்றை ஏற்றுதல். நான்காவது, யார் வந்தார், யார் போனார் என்ற பதிவேட்டை நாள்தோறும் பார்த்தல். ஐந்தாவது, ஒவ்வொரு செயலிக்கும் எல்லை வகுத்தல். மடுவத்தில் கொழுந்து நிறுப்பவரிடம் தூள் அறையின் சாவி இராது அல்லவா? அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்.ஈ.லினக்ஸ் இந்த முறையையே கணனிக்குள் நிலைநாட்டுகிறது. 2014 இல் வந்த ஐந்தாம் அண்ட்ரொயிட் பதிப்பு முதல் கைபேசிகளிலும் அது முழுமையாகக் காவல் புரிகிறது.

கணனி உறுதியாயிருந்தும் அதற்குச் செல்லும் வழி காவலின்றி இருந்தால் என்ன நேரும்? 2021 பெப்ரவரி 6 ஆம் நாள், கூகிளின் இலங்கை முகவரியைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். 'எல்.கே.' என்று முடியும் வேறு சில முகவரிகளுக்கும் அதே கதி நேர்ந்தது. வீட்டை உடையாமல், வழிகாட்டிப் பலகையைத் திருப்பிவைத்த செயல் அது. அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தவற்றுள் தேயிலைத் தோட்ட மக்களின் குறைகளும் இருந்தன! ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக நம்மவர் போராடிக்கொண்டிருந்த காலம் அது. நம் குறையை உலகம் அறியவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பலகையைத் திருப்பத் தெரிந்த கை, நாளை நம் சேமிப்புள்ள வங்கியின் பலகையையும் திருப்பலாம். அப்போது இழப்பவர், வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த அதே தோட்டத்து மக்களே அல்லவா?

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டிலுள்ள கைபேசியை எடுத்துப் பாருங்கள். திருத்தங்கள் ஏற்றப்பட்டுள்ளனவா? வெளிச்சம் காட்டும் செயலி ஒன்று உறவினரின் தொலைபேசி எண்களையெல்லாம் பார்க்க அனுமதி பெற்றிருக்கிறதா? வேண்டாதவற்றை நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்பதைத் தாய்க்கும் எடுத்துச் சொல்லுங்கள். பின்னர் பழைய கணனி ஒன்று கிடைத்தால் லினக்ஸை நிறுவி, அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டணமில்லை, தடையில்லை, இன்னாருக்குத்தான் உரியது என்ற வேலியும் இல்லை.

கவ்வாத்துக் கத்தி பிடித்த கைகளின் பிள்ளைகளுக்கு எதை வெட்டுவது, எதை விடுவது என்று கற்றுக்கொள்வது அரிதாகுமோ?